இரண்டடி உயரம்

பதினோரு கோடை இந்தக் கல்லறைத் தோட்டத்தில்
புல் வெட்டியவன் நான்.
ஓர் ஏக்கர். சுற்றிலும்
அயோவா முழுக்கச் சோளம்.
ஏப்ரலில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள்:
"இனி வெட்ட வேண்டாம், வெர்லின்."
சம்பளமும் பாதி.

ஜூனில் ஆர்டிஸ் டோஸ்ட்ரப் வண்டியை நிறுத்தி
"எங்கப்பா களைக்குள்ளே கிடக்கிறார்" என்று
கத்திவிட்டுப் போனாள்.
நியாயம்தான். கல்லில் பெயர்கூடத் தெரியவில்லை.

நான் இத்தனை வருஷம் மொட்டையடித்த தரையிலிருந்து
ஜூலையில்
யாரும் விதைக்காத திசைகாட்டிச் செடி எழுந்தது,
இலை விளிம்பை வடக்குக்கும் தெற்குக்கும் நீட்டி.
வேர் பதினைந்தடி போகுமாம்,
பெட்டிகளையெல்லாம் தாண்டி.

கலப்பை படாத மண்.
மழை விழுந்தால் அப்படியே குடித்துவிடுகிறது.
வேலிக்கு அப்பால் அதே மழை
காப்பி நிறத்தில் ஓடுகிறது.
உழுது உழுது ஆற்றுக்குக் கொடுத்த வயல்
இரண்டடி கீழே கிடக்கிறது.
இத்தனை நாள்
இதை மேடு என்றே நினைத்திருந்தேன்.

ஊதாப் பூவில் ஒரு குண்டுத் தேனீ.
முதுகில் துருக்கறை,
என் இயந்திரத்தின் கத்தியில் இப்போது இருப்பதுபோல.
அதன் பாரத்துக்குத் தண்டு வளைந்து
அது போனதும் நிமிர்ந்தது.

ஆகஸ்ட் கடைசியில் ஆர்டிஸ் மறுபடி வந்தாள்,
கையில் தையல் கத்தரிக்கோல்.
அப்பாவின் பெயரை மறைத்த தண்டுகளை மட்டும்
குனிந்து நறுக்கினாள்.
'டோஸ்ட்' வரை தெரிந்தது.
மிச்ச எழுத்துக்கு முன்னால் நின்ற ஒன்றை
விட்டுவிட்டாள்.
அதில் ஏற்கெனவே ஆள் இருந்தது.