சொல்வதை எழுதுக

மூன்றாம் வகுப்பு, ஆ பிரிவு.
முதுநகர் ஸ்டேஷனில் மயிலாடுதுறை பாசஞ்சர்
ஊதி முடிக்கும்வரை காத்திருந்தேன்.
ஃபேனை நிறுத்தச் சொன்னேன்.
ஒருவனுக்காக முப்பத்தெட்டுப் பேர் வியர்த்தார்கள்.

எழிலன், முன் பெஞ்சு.
காதுக்குப் பின்னால் ஒரு கருவி, அதிலிருந்து ஒயர்,
ஒயரின் முடிவில் ஐந்து ரூபாய் அகலத்தில் ஒரு வட்டம்
மண்டைக்குள் இருக்கும் காந்தத்தைப்
பிடித்துக்கொண்டிருக்கிறது.
சேர்ந்த புதிதில் அது கழன்று
பீரோவில் போய் ஒட்டிக்கொண்டது.
"பீரோவுக்குக் காது வந்துடுச்சு டீச்சர்" என்றாள் ஜெசிமா.
வகுப்பே சிரித்தது.
அவனும் சிரித்தான்,
என்னவென்று கேட்காமலே.

சாக்பீஸ் வாயை மறைக்காமல்,
பலகைப் பக்கம் திரும்பாமல்,
ஒவ்வொரு சொல்லும் இரண்டு தரம்:
மழை. பல்லி. கிழமை. வெள்ளம். வாழை.
இப்படிப் பத்து.

எல்லோருக்கும் எட்டு, ஒன்பது.
எழிலனுக்கு நான்கு.
மளை என்று எழுதியிருந்தான். கிளமை.
வாழை இருக்கவேண்டிய இடத்தில்
துறைமுகத்தில் அவன் அப்பா இறக்குகிற
வாளை மீன்.
ஆறு சிவப்பு வட்டம் போட்டேன்.
டைரியில் எழுதினேன்:
ழகரம் காதில் விழவில்லை, பயிற்சி தேவை.

சாயங்காலம் அவன் அம்மா வந்தாள்.
ஐஸ் கம்பெனி வேலை, கைவிரல் வெளுத்து ஊறியிருந்தது.
"ழ வரும் டீச்சர் அவனுக்கு.
அது ஒண்ணுக்கே ஏழு மாசம்
செவ்வாயும் வெள்ளியும் பாண்டி பஸ் ஏறினோம்.
கண்ணாடி முன்னாடி உட்கார வெச்சு
நாக்கை மடிக்கச் சொல்லுவாங்க.
சொல்லுடா."

வாழை, என்றான்.
வாளை, என்றான்.
இரண்டு வேறு பொருள்கள்
மேஜைமேல் வைத்த மாதிரி இருந்தது.
"டீச்சர் வாளை சொன்னாங்க."
குற்றம் சொல்லவில்லை.
நடந்ததைச் சொன்னான்.

மற்றவர்களுக்கு மழை முன்பே தெரியும்.
நான் எதைச் சொன்னாலும் மழை என்றே எழுதுவார்கள்.
இவனுக்கு ஒவ்வொரு சொல்லும்
பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தது.
எண்ணிப் பார்க்காமல் வாங்குவானா?
தலைப்பு சொன்னதைத்தான் செய்திருக்கிறான்.

கெடிலம் பாலத்தில் வண்டிகள் நின்றன.
ஸ்கூட்டி கண்ணாடியைத் திருப்பி
வாய்க்கு நேரே வைத்தேன்.
பத்தொன்பது வருடம் தமிழ் நடத்திய நாக்கு
அண்ணத்தில் முட்டி முட்டி வழுக்கியது.
பக்கத்து ஷேர் ஆட்டோவில் கூடையோடு இருந்தவர்
பார்த்துவிட்டு
நாகரிகமாக ஆற்றைப் பார்த்தார்.
பாலம் முடிகிற இடத்தில் ஒரு தரம் வந்தது.
அப்புறம் வரவில்லை.

டைரியில் அந்த வரியை அடித்தேன்.
சிவப்பு வட்டங்களை எப்படி அழிப்பது,
தெரியவில்லை.

மறுநாள் வருகைப் பதிவேடு.
ஜூனிலிருந்து எளிலன், எளிலன் என்றே
கூப்பிட்டிருக்கிறேன்.
இன்று நிதானமாக, நாக்கை மடித்து,
எழிலன் என்றேன்.

அவன் நிமிரவில்லை.
ரப்பரைத் தேடிக்கொண்டிருந்தான்.
என் குரலில் அவனுக்கு
வேறு பெயர் பழகியிருந்தது.

மறுபடி கூப்பிட்டேன்.