ஸ்பீக்கருக்குள் ஒருவர்

முத்தையன்கட்டு வான் பாய்ந்த கிழமை
என்னிடம் இருந்தது ஒரேயொரு ஸ்பீக்கர்.

விடியப்புறம் திருவெம்பாவைக்குக் கட்டினேன்,
ஓதுமுன்னே உள்ளுக்குள் தவளை கத்தியது.
ஐயர் தலையிலடித்துக்கொண்டார்.

பின்னேரம் நீராவிப்பிட்டியில் மீலாத்.
சைக்கிள் கரியரில் அதுவும் வந்தது.
நஜிமுதீன் ஈர்க்கால் குத்தப் போக
"மழைக்கு ஒதுங்கினது, விடுங்கோ" என்றா மனுசி,
நெய்ச்சோற்றுப் பொதியை என் கையில் திணித்தபடி.

நத்தார் நள்ளிரவு.
தகரக் கூரையில் மழை.
சுவாமியார் பாலனைத் தூக்கிய நேரம்
கரண்ட் நின்றது.
நனைந்த சனம் இருட்டில் மூச்சடக்க,
கரண்ட் இல்லாமலே
அது கத்தியது.
முதலில் சிரித்தது சூசைமுத்துவின் கைக்குழந்தை.

விடியப் பழையபடி கோயில்.
ஐயர் ரோர்ச் அடித்துக் குனிந்து பார்த்தார்:
"ஆள் இருக்கிறாரோ?"