இணைப்பு மூன்று

கழனிவாசலில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
ஒரு மின்விசிறி, மூன்று நாற்காலி,
சுவரில் ஒட்டிய தாளில் ஒரு விதி:
எழுநூறு சொல்லுக்கு மிகாமல்.

சேதுராக்கு மூன்று மணி நேரம் பேசினாள்.
புதுவயல் சாலை அரிசி ஆலையில்
களத்து நெல்லைக் காலால் துழாவுகிறவள்.
அவித்த நெல்லின் வாடை
அவள் எழுந்து போன பிறகும் அறையில் இருந்தது.
எல்லாம் எழுதினேன்.
பிறகு வெட்டத் தொடங்கினேன்.

மாமியார் செத்த அன்று விடமாட்டேன் என்றதை வெட்டினேன்.
பதினெட்டாயிரம் முன்பணம்
மூன்று வருஷ உழைப்புக்குப் பின்
இருபத்தாறாயிரமாய் நிற்கும் கணக்கை
ஒற்றை வரியாக்கினேன்.
(கணக்குக்குப் பேர்போன சீமை இது.)

சீட்டை மட்டும் வெட்டவில்லை.

ஒண்ணுக்குப் போகச் சீட்டு.
தகரத்தில் வட்டமாய், நடுவில் துளையோடு,
வாட்ச்மேன் தலைக்கு மேல் ஆணியில் தொங்கும்.
இருபத்துமூன்று பெண்களுக்கு அது ஒன்றுதான்.
காலையில் ஒரு தடவை, மதியத்துக்குமேல் ஒரு தடவை.
ஐந்து நிமிஷம் தாண்டினால் கால்நாள் கூலி.
"தண்ணி குடிக்கிறதையே விட்டுட்டோம்" என்றாள்,
பீடியை விட்டுவிட்டதைச் சொல்வதுபோல.

வேலைக்கு வரும் வழியில்
ஒரு வீட்டுக் கதவுகளை எண்ணியிருக்கிறாள்.
தெருவுக்கு இந்தப் பக்கம் தொடங்கி
அந்தப் பக்கம் முடியும் வீடு. பூட்டியே கிடக்கும்.
வெளியில் தெரிவதே நாற்பத்தொன்று.
"எங்களுக்கு ஒரே ஒரு கதவு, சார்.
அதுக்குந் தாழ்ப்பா இல்ல."

ஆங்கிலத்தில் அது
'சுகாதார வசதிகளுக்கான போதிய அணுகலின்மை' என்றானது.
திரும்பத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.
உன்னிப்பாய்க் கேட்டுவிட்டு,
"பாவம், யாருக்கு நடந்துச்சு இது?" என்றாள்.

ஜெனீவாவுக்குப் பெலிசிட்டா போனாள்,
தேவகோட்டையில் இரவல் வாங்கிய கம்பளிச் சட்டையோடு.
அங்கே பிற்பகல். இங்கே விளக்கு வைத்தாயிற்று.
பசை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து
ஷிப்ட் முடிந்து வந்த ஏழு பேர் தரையில் உட்கார்ந்தார்கள்.

அமைச்சர் ஒருவர் பேசினார். எந்த நாடோ.
பேசினார், தண்ணீர் குடித்தார், பேசினார்.
பொலிவியச் சுரங்கத்து ஆள் ஒருவர்.
பிறகு மொரித்தேனியாவிலிருந்து ஒரு பெண்,
தன் மணிக்கட்டை மறுகையால் பிடித்துக் காட்டினாள்.
மொழி எங்களுக்குப் புரியவில்லை.
சேதுராக்கு மட்டும் 'ம்' கொட்டினாள்.

பிறகு பெலிசிட்டா.
சீட்டு என்ற சொல்லைத் தமிழிலேயே சொன்னாள்.
ஏழு பேரும் நிமிர்ந்தார்கள்.
இருபத்துமூன்று பெண்கள் என்றாள்,
அடுத்த சொல்லுக்கு வாய் திறந்தபோது
மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்தது.
உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

"என்ன ஆச்சு?"
ரெண்டு நிமிஷம் முடிஞ்சது.
"எல்லாருக்கும் ரெண்டா?"
நம்மள மாதிரி ஆளுங்களுக்கு.
"மந்திரிக்கு?"
நான் பதில் சொல்லவில்லை.
"அப்ப அங்கயும் சீட்டுத்தான்"
என்று அவள் சிரிக்கத் தொடங்கியதும்
மற்ற ஆறு பேரும் சிரித்தார்கள்,
கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
அந்த இரண்டு நிமிஷத்துக்காக
நான்கு மாதம் தூங்கவில்லை நான்.

போகும்போது சுருக்குப் பையைப் பிரித்து
மேசையில் எதையோ வைத்தாள்.
தகரம். வட்டம். நடுவில் துளை.
"நேத்துச் சாயங்காலம் ஆணியிலருந்து கழட்டிட்டேன்.
இன்னைக்கு முழுக்கத் தேடுறாய்ங்க.
சீட்டு இல்லன்னா எப்படிக் கேப்பான்?
பாட்டுக்குப் போனோம், வந்தோம்.
இத அனுப்ப முடியுமா?"

நாளைக்கே வேறு தகரம் வெட்டுவார்கள்.
அது அவளுக்கும் தெரியும்.
பொருட்களை அனுப்ப அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

கீழே இறங்கிக்
கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்தோம்.
பச்சை வெளிச்சம் ஒருமுறை ஊர்ந்து போனது.
தாளில் ஒரு கறுப்பு வட்டம்,
நடுவே வெள்ளையாய் ஒரு துளை,
ஓரத்தில் அவள் கட்டைவிரலின் பாதி.

கடைக்காரப் பையன் காசு வாங்கவில்லை,
எத்தனை காப்பி என்றுதான் கேட்டான்.
"இருபத்துமூணு" என்றாள் சேதுராக்கு.