இடக் கன்னம் இருட்டு

நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரி பாதி தாண்டித்தான் வார்டோவுக்குத் திரும்பும்.
இடையில் பகல் என்பது
பதினொரு மணிக்கு ஜன்னலில் ஒட்டி
ஒரு மணிக்குள் உரிந்துவிடும் நீலக் காகிதம்.

எங்களுக்கு ஒரே அறை.
கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், என் மேசை,
எல்லாம் ஒன்றையொன்று முழங்கையால் இடித்துக்கொண்டு.
நண்டுப் படகுக்கு நாலு மணிக்குப் போகிற தோர்கெய்ர்
எட்டுக்கே படுத்துவிடுவான்.
விளக்கு போடக் கூடாது, அது ஒப்பந்தம்.
மற்றபடி நான் பறக்கலாம்.

விமானம் திரைக்குள் இருப்பதுதான்.
ஆனால் கழுத்து என்னுடையது.
மேலே ஒட்டவைத்த பழைய வெப்கேம்
என் மூக்கை, புருவத்தை, தாடையைக் குறித்து வைத்துக்கொண்டு
நான் திரும்பினால் விமானியையும் திருப்பும்.
அவள் காணும் இறக்கையை நானும் காண்பேன்.
வாங்கிய பெட்டியில் எழுதியிராதது:
அதற்கு இருட்டில் கண் தெரியாது.

இருட்டில் அது நிதானிக்கிறது.
கிடைக்கிற வெளிச்சத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து
ஒரு படம் நிறைந்த பிறகே அடுத்ததற்குக் கை நீட்டுகிறது.
நான் திரும்பி முடித்து, பார்த்து முடித்து,
நேராக உட்கார்ந்த பிறகு
அவள் திரும்புகிறாள்,
கூப்பிட்டது இப்போதுதான் காதில் விழுந்தவள் மாதிரி.

அந்தத் தானியங்கியை அணைத்தேன். வேகம் வந்தது,
முகம் போயிற்று.
ரவை கொட்டியது போல் படம் முழுக்கப் புள்ளி.
ரவைக்குள் என் மூக்கைத் தேடித் தோற்ற கேமரா
பின்னால் தொங்கிய கம்பளிச் சட்டையை
நானென்று நம்பிப் பின்தொடர்ந்தது.
சட்டை அசையவில்லை.
அன்றைக்கு நான் மிக ஒழுங்கான விமானி.

பிறகு ஒன்று பிடிபட்டது.
மேகத்துக்கு மேலே ஏறினால் திரை வெளுக்கும்,
வெளுப்பு என் கன்னத்தில் விழும்,
கேமராவுக்கு நான் கிடைப்பேன்.
பனிமலை நல்லது. பாலைவனம் அதைவிட நல்லது.
காடு சுமார்.
மழைக்குள் நுழைந்தால் தலை போய்விடும்.
ஆகவே ஊரில் இல்லாத நண்பகலில் மட்டும் பறந்தேன்.
நான் பார்த்த வெயிலே
என்னையும் காட்டிக்கொடுத்தது.

நேற்று எதிர்க்காற்று. எரிபொருள் முள் கீழே.
திரைக்குள்ளும் பொழுது சாய்ந்துவிட்டது.
ஓடுதளம் இடப்பக்கம் எங்கோ.
திரும்புகிறேன், திரும்புகிறேன்,
அவள் மாட்டேன் என்கிறாள்,
முகம் கொடுத்துப் பேசாத நாத்தனார் போல
நேரே கருமையை வெறிக்கிறாள்.

காலை நீட்டி ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தேன்.

மஞ்சள் வெளிச்சம்.
வெண்ணெய், மீன்முட்டைக் குழாய், பாதி முட்டைக்கோஸ்,
என் வலக் கன்னம்.
அரை முகம் கண்ட கேமரா
மீதி அரையும் அந்தப் பக்கமே போயிற்று என்று கணக்குப் போட்டு
விமானியை வலப்பக்கம் வளைத்தது.
ஓடுதளம் இல்லாத பக்கம்.

“பசியா?” என்றது கட்டில்.
“இடக் கன்னம் இருட்டு” என்றேன்.
நண்டுக் கூண்டு இழுக்கிறவன் மேலே கேட்கவில்லை.
சவரக் கண்ணாடியை எடுத்து வந்து
ஃப்ரிட்ஜின் வெளிச்சத்தை அதில் ஏந்தி
என் மறுபக்கம் சாய்த்துப் பிடித்தான்,
அரைத் தூக்கத்தில், உள்ளாடையோடு.
அவன் கை நடுங்கியபோதெல்லாம்
எனக்கு முகம் வந்து வந்து போனது.

இரண்டு வரிசை விளக்குகள்.
சக்கரம் ஒருமுறை குதித்தது. பிறகு தரை.

கதவை மூடச் சொல்லி ஃப்ரிட்ஜ் கீச்சிட ஆரம்பித்தது.
படகுக்கு இன்னும் ஐம்பது நிமிஷம்.
“இனிமேல் தூங்கி என்ன” என்று ரொட்டி வெட்டினான்.
நான் கதவை மூடவில்லை.
தாடியில் ஒரு பக்கம் நரைத்திருந்தது.
எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை.

நான் எழுந்து காபி வைத்தேன்.
காலி நாற்காலியில் அவன் உட்கார்ந்தான்,
கேமரா அவனைப் பிடித்துக்கொண்டது.
அவன் மென்றான்.
நின்றுபோன விமானத்துக்குள் என் விமானி
ஆமாம் ஆமாம் என்று
தலையாட்டிக்கொண்டிருந்தாள்.