சுவைப் பதிவேடு

பதினொன்று நாற்பதுக்குத் தட்டு என் மேசைக்கு வரும்.
பிள்ளைகள் உண்ண அரை மணி இருக்கும்போதே
தலைமையாசிரியர் உண்டு பார்க்க வேண்டும்.
கெட்டுப்போயிருந்தால் முதலில் நான்.
உயிரோடிருந்தால் முத்திரை.

குரே நகரின் மலைச்சரிவுப் பள்ளியில்
பதினோரு மாதம்
"சுவை: நன்று" என்றே எழுதினேன்.
கீழே சிவப்பு மையில் என் பெயர், குஸுனோகி.
உள்ளே போனது மீனா
மீன் பொதிந்த தாளா என்று
ஒரு நாளும் தெரிந்ததில்லை.

சூட்டையும் பதத்தையும் வைத்துச் சமாளித்தேன்.
முள்ளங்கி நறுக்கென்றது. தோஃபு வழுக்கியது.
மிசோ சூப் என்றால்
மழையில் வாயைத் திறந்து நிற்பது.
நாக்கு செத்துப்போச்சு என்பார்கள்.
சாகவில்லை.
அழைப்புமணி பழுதான வீடு அது.
வெளியே எல்லோரும் அழுத்திக்கொண்டேதான் இருந்தார்கள்.

சிப்பி வறுத்த இரவில் மனைவியிடம் சொன்னேன்:
"இந்த ஆண்டுச் சிப்பி அருமை."
"போன ஆண்டினது. ஃப்ரீசரில் கிடந்தது" என்றாள்.
மறுநாள் மருத்துவமனை.

சட்டைப் பொத்தானைவிடச் சின்னக் காகித வட்டங்களை
ஒவ்வொன்றாய் நாக்கில் வைத்தார் டாக்டர் ஹமுரோ.
எதிரே ஓர் அட்டை:
இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு,
ஏதோ இருக்கிறது என்னவென்று தெரியவில்லை,
ஒன்றுமில்லை.
பேசக் கூடாது, விரலால் தொட வேண்டும்.
கடைசிக் கட்டத்திலேயே என் விரல் குடியிருந்தது.
தேர்வில் தோற்ற பிள்ளைகளுக்கு
முப்பது ஆண்டு ஆறுதல் சொன்ன விரல்.

"துத்தநாகம் குறைவு."
"வாளிக்குப் பூசுவார்களே, அதுவா?"
"அதேதான். சுவைமொட்டு உதிர்ந்து உதிர்ந்து முளைப்பது.
முளைக்க அது வேண்டும்."
"எத்தனை நாள்?"
"மூன்று மாதம். ஆறு மாதம்.
சிலருக்குத் திரும்புவதேயில்லை."
அவர் முத்திரை குத்தாமல் பேசியது பிடித்திருந்தது.

காலையும் இரவும் மாத்திரை.
ஜூன் மழையில் ஒரு காலை
மாத்திரையே கசந்தது.
விழுங்கவில்லை.
குளியலறைக் கதவைத் தாழிட்டு
கரையும் வரை நாக்கிலேயே வைத்திருந்தேன்,
வெகுநாள் கழித்து வந்த கடிதத்தை
உறையோடு பிடித்திருப்பதுபோல.

புளிப்பு வந்தது. பிறகு ஒரு வியாழன், பூசணி சூப்பில்,
உப்பு.
"கொஞ்சம் கூடுதல்" என்று பதிவேட்டில் எழுதி
நானே சமையலறைக்கு எடுத்துப் போனேன்.
இமாஸு கரண்டியை வைத்துவிட்டுப் படித்தாள்.
"பிப்ரவரியில் ஒரு நாள் மிசோ போடவே மறந்துபோனேன், ஐயா.
நன்று என்று எழுதியிருந்தீர்கள்.
அன்று முதல் ஒவ்வொரு அண்டாவையும்
இரண்டு தடவை நானே ருசிபார்க்கிறேன்."
கோபமில்லை அவள் குரலில்.
இருந்திருந்தால் நின்றிருப்பேன்.
"இன்றைய உப்பு?"
"வேண்டுமென்றே போட்டது.
உங்கள் தட்டுக்கு மட்டும்."

இனிப்பு இன்னும் வரவில்லை.
புட்டிங் வரும் நாளில்
சுவைக்கான கட்டத்தை வெறுமையாக விடுகிறேன்.
முத்திரை மட்டும் குத்துகிறேன்,
உயிரோடிருக்கிறேன் என்பதற்கு.