தியாக்ரிசிஸ்

கிரெவெனாவில் மழை விட்ட மூன்றாம் நாள்.
கருவாலிக் காட்டிலிருந்து கூடைக் காளானோடு வந்தாள்
என் நாத்தனார் பொலிக்ஸேனி.
அகராதி மெய்ப்புகளைத் தள்ளிவைத்து
மேசையில் இடம் விட்டேன்.

குடை விரித்தவற்றைப் பேசிக்கொண்டே பிரித்தாள்.
மிஞ்சியவை இரண்டு,
முட்டைபோல் மூடிய உருண்டைகள்.
ஒன்று அரசர்கள் தின்பது,
மற்றது அரசர்களைத் தின்பது.
வெளியே ஒரே வெள்ளை.

"பார்த்தால் தெரியாது. அறுக்கணும்."

தியா என்றால் ஊடே. கிரிசிஸ் என்றால் பிரித்தல்.
காலையில் அந்தச் சொல்லின் ஐந்தாம் வரியில்
பென்சிலால் கேள்விக்குறி போட்டிருந்தேன்:
இதே வினை, கொஞ்சம் திரும்பினால்,
தயங்குவதையும் குறிக்குமாம்.
எப்படி?

கத்தி இறங்கியது. முதலாவதற்குள் மஞ்சள்.
இரண்டாவதற்குள்
வெள்ளையா, வெளிர்மஞ்சளா?
ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். கண்ணாடியைக் கழற்றி மாட்டினாள்.
"யோர்டானிஸ், விளக்கைப் போடு."
வாணலியில் வெண்ணெய் கருகியது.
நாற்பது வருஷக் காடு அவள் விரலில் இருந்தது,
விரல் அசையவில்லை.

பிறகு அதை அடுப்புத் தணலில் போட்டாள்.
கத்தியைக் கழுவினாள்,
இன்னொரு முறை கழுவினாள்.

கேள்விக்குறியை அழித்துவிட்டுச்
சாப்பிட உட்கார்ந்தேன்.
முதல் வாய் மட்டும்
கொஞ்சம் தாமதமாக.