விடுபட்டது

பகலெல்லாம் விரிசலை அளப்பவன் நான்.
நிலநடுக்கம் வந்து போய் ஆண்டுகள் ஆகியும்
ஸாக்ரெப் நகரத்துச் சுவர்களில்
அது இன்னும் குடியிருக்கிறது,
படிக்கட்டோரம், சமையலறை மூலையில்,
தொட்டிலுக்குப் பின்னால்.
நீளம், அகலம், ஆழம், எல்லாம் மில்லிமீட்டரில்.
படிவத்தின் கடைசிக் கட்டம்:
'விடுபட்டது ஏதேனும்?'
'இல்லை' என்று எழுதிக்
கீழே கையெழுத்திடுவேன்: ஸ்ரெச்கோ, காப்பீட்டு மதிப்பீட்டாளர்.
மயிரிழையைக்கூட விட்டதில்லை.

வியாழன் இரவில் மட்டும்
சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை.
பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பலகை,
ஒரு பக்கம் மட்டும் சூடாகும் ஹீட்டர்.
ஆறு வருடமாக வரைகிறேன்.
பார்த்தவர்கள் 'அடடா' என்பார்கள்.
'எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே' என்றும் சொல்வார்கள்.
இரண்டாவதுதான் உண்மை.
என் கோடு இரவல் கோடு.
ஏதோ கண்காட்சியில், யாரிடமோ
கேட்காமல் எடுத்துவந்தது.

அன்றைக்கு மேடையேறியவள் நெவென்கா,
பதினொன்றாம் எண் ட்ராம் ஓட்டுபவள்.
ஐம்பத்தெட்டு வயது.
யார் முன்னாலும் இப்படி நின்றதில்லையாம்.
மருத்துவர்கள் கணக்கில் சேரமாட்டார்கள் என்றாள்.
அங்கியை அவிழ்த்தாள்.
எங்கே வைப்பதென்று தெரியாமல்
இரண்டு முறை மடித்தாள்.
பிறகு அப்படியே கீழே போட்டாள்.

இடப்பக்கம் மார்பு இருந்தது.
வலப்பக்கம்
அக்குளில் தொடங்கி நெஞ்செலும்பு வரை
ஒரு கோடு.

நான் நல்லவன், கேட்டுப் பாருங்கள், எல்லோரும் சொல்வார்கள்.
அந்த இடம் வந்தபோது
என் கை தானாகவே இரக்கப்பட்டது.
இல்லாததை வைத்தேன்.
இருந்ததை எடுத்தேன்.
படம் அழகாகத்தான் வந்தது.

இடைவேளை. காகிதக் கோப்பையில் தேநீர்.
அங்கியைப் போர்த்திக்கொண்டு
ஒவ்வொரு பலகையாகப் பார்த்து வந்தாள்.
ஒன்றில் தன் மூக்கைக் கண்டு சிரித்தாள்.
என்னிடம் வந்து நின்றாள்.
தேநீரை ஊதினாள்.

"இவளை எனக்குத் தெரியும்.
போன பனிக்காலத்தில் போய்விட்டாள்.
நல்லவள்தான்.
ஆனால் இன்றைக்கு அங்கே ஏறி நின்றது
இவள் இல்லை."

கோபமில்லை அந்தக் குரலில்.
ட்ராம் மாறி ஏறிய பயணிக்கு
இறங்கும் இடம் சொல்கிற குரல்.

மறுபடி நின்றாள்.
புதுத் தாள் எடுத்தேன். கரித்துண்டு ஒடிந்தது.
நீளம் தெரிந்தது, அகலம் தெரிந்தது,
பகல்வேலை அவ்வளவுதான் கற்றுத் தந்திருக்கிறது.
அந்தத் தழும்பின் மேல்
மூச்சு ஏறி இறங்குவதை
எந்த அளவுகோலால் எழுத?
இரவல் கொடுத்தவர் எவரும்
இந்த இடம் வரைக்கும் வந்ததில்லை.
கோடு தடுமாறியது. விழுந்தது. எழுந்து
முதல்முறையாக
என் கைக்குள்ளிருந்து நடந்தது.
கண் எரிந்தது.
கரித்தூள் என்று வைத்துக்கொண்டேன்.

ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை.
ஒவ்வொரு மாலையும் இரண்டு கோப்பை கழுவுகிறேன்,
ஒன்றில்தான் குடித்திருப்பேன்.
அலுவலகத்தில் 'வீட்டில் எல்லாரும் சுகமா?' என்பார்கள்.
'சுகம்.'
ஒன்றரை வருடமாகச் சுகம்.

கடைசியில் கிடைத்தது ஒரு கோணல் படம்.
தோள் பெரிசு, கை ரொட்டி மாதிரி.
நெவென்கா நீண்ட நேரம் பார்த்தாள்.
"காது சரியில்லை," என்றாள்.
வேறு எதையும் சொல்லவில்லை.
காலணி நாடாவைக் கட்டிக்கொண்டு,
காலையில் முதல் வண்டி தன்னுடையது என்று
படியிறங்கிப் போனாள்.

வெள்ளிக்கிழமை. மழை.
நிறுத்தத்தில் குடையோடு நின்றேன்.
நீல ட்ராம் வளைவில் திரும்பியது.
கண்ணாடிக்குப் பின்னே சீருடை, உதட்டுச் சாயம்.
என்னைப் பார்த்தாளோ என்னவோ,
தேவையில்லாமல் ஒருமுறை மணியடித்தாள்.

அலுவலகத்தில் த்ராஷென் வழக்கம்போல்
கோப்பையோடு வந்து கேட்டார்:
"வீட்டில் எல்லாரும் சுகமா?"

"இல்லை," என்றேன்.

கோப்பை பாதி வழியில் நின்றது.
சுற்றுமுற்றும் பார்த்தார்.
பிறகு
ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.